மரகதம் அடைத்த தோட்டாக்கள்

வேப்பமரத்துக்குக் கீழே ஒரு மேசை. மேசையில் பழைய பத்திரிகை விரித்திருக்கிறது. அதன் மேல் கிளிநொச்சித் தட்டாரிடம் இரவல் வாங்கிய சின்னத் தராசு. ஒரு தட்டில் குன்றிமணிகள், மற்றத் தட்டில் கறுப்பு வெடிமருந்து. மேசைக்கு இந்தப் பக்கம் என் கணவர், அந்தப் பக்கம் மரகதம். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு தராசின் முள்ளைப் பார்க்கிறார்கள்.

நான் குசினி யன்னலுக்குப் பின்னால் இருந்து தேங்காய் துருவுகிறேன். என் கண் தேங்காயில் இல்லை. அன்றைக்குச் சம்பலில் சிரட்டைத் தூள் கடிபட்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கூடுதலாக எரிந்தது.

எழுபத்தெட்டாக இருக்கலாம், அதற்கடுத்த வருடமாகவும் இருக்கலாம். மாரி மழையில் விதைத்த காலபோக நெல் குடலை தள்ளி, கதிர் வரவிருந்த நேரம். அக்கராயனில் எங்களுக்குக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் கிடைத்து, யாழ்ப்பாணத்தை விட்டு வந்து குடியேறி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தேழு வயது. பிள்ளைகள் இல்லை.

ஒற்றைக் குழல்

அந்தப் பக்கத்தில் வயல் வைத்திருந்தவர்களுக்குப் பன்றிதான் பெரிய எதிரி. ஒரு கூட்டம் உள்ளே இறங்கினால் தின்பதை விட உழக்குவதுதான் அதிகம். விடியப் போய்ப் பார்த்தால், எருமை படுத்து எழும்பிய இடம் மாதிரி வயல் கிடக்கும். தகரம் தட்டிப் பார்த்தோம். பந்தம் கொளுத்திப் பார்த்தோம். பன்றிகள் இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் வந்தன.

என் கணவரிடம் ஒரு துவக்கு இருந்தது. துப்பாக்கியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மாமனார் காலத்து ஒற்றைக் குழல் துவக்கு, பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் எடுத்தது. ஆனால் வருடத்துக்கு இத்தனை தோட்டாதான் என்று கச்சேரியில், அதுதான் அரசாங்கக் கந்தோரில், ஒரு கணக்கு. அந்தக் கணக்குப் பன்றிகளுக்குத் தெரியாது. மார்கழிக்குள் தோட்டா முடிந்துவிடும். மிஞ்சுவது சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகள்.

அந்தக் கோதுகளை அவர் எறிவதில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் எங்கள் வயலில் களை பிடுங்க வந்திருந்த மரகதம் அந்த டின்னைக் கண்டாள். ஒரு கோதைத் தூக்கி, அதன் வாயை வெளிச்சத்துக்குப் பிடித்து, விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

"இது நல்லா இருக்குண்ணே. திரும்ப அடைக்கலாம்," என்றாள்.

"ஆர் அடைக்கிறது?"

"நான் அடைப்பேன்."

துரை வீட்டுப் பின்னறை

மரகதம் மலையகத்துப் பெண். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு, உடுத்த துணியோடு தாயையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தவள். வந்த முதல் மழைக்கே தகப்பன் காய்ச்சலில் போய்விட்டார். தாயும் மகளும் வாய்க்கால் கரையில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு, கூப்பிட்ட வயல்களுக்கெல்லாம் வேலைக்குப் போனார்கள். அவளுக்கு என்னை விட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும்.

அவளுடைய தகப்பன் தோட்டத்துத் துரையின் பங்களாவில் வேலை செய்தவர். துரைக்கு வேட்டைப் பைத்தியம். றைபிளுக்கும் துவக்குக்கும் தோட்டாக்களைத் தன் கையாலேயே அடைத்தால்தான் அவருக்குத் திருப்தியாம். பங்களாவின் பின்னறையில் அதற்கென்று ஒரு மேசையும், ஒரு தடித்த இங்கிலீசுப் புத்தகமும் இருந்தனவாம். எந்த மருந்து, எந்தக் குண்டு, எவ்வளவு நிறை என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். தகப்பனுக்கு இங்கிலீசு வாசிக்க வராது. ஆனால் துரை வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியில் தமிழில் எழுதிவைத்திருந்தார். சின்ன வயதில் கோது துடைத்துக் கொடுக்கப் போன மரகதம், அங்கேயே நின்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். லயத்தை விட்டு ஓடியபோது அவள் கையில் எடுத்த நாலு சாமான்களில் அந்தக் கொப்பியும் ஒன்று.

இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்லவில்லை. என் கணவருக்குச் சொன்னாள். நான் யன்னலால் கேட்டேன்.

அவா சொல்லுறா

முதல் நாளே அவளுக்கும் அவருக்கும் ஒரு தர்க்கம். பன்றிக்கு ஒற்றைக் குண்டாக வார்த்து அடைப்போம், றைபிள் மாதிரிப் போய் விழும் என்றார் இவர். வலைக்குக் கட்டும் ஈயத்தை அதற்காகவே முல்லைத்தீவிலிருந்து எடுப்பித்து வைத்திருந்தார்.

"வேணாம்ண்ணே," என்றாள் மரகதம். துவக்கை மடித்து, குழாயை வானத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தாள். "இதோட வாய்க்கிட்ட கொஞ்சம் ஒடுக்கமா இருக்கு. ஒத்தைக் குண்டு போனா இறுக்கும். இந்தத் துவக்குக்கு உருண்டை உருண்டையா பெரிய சன்னந்தான் சரி. நமக்கு எது பிடிக்கும்னு பார்க்கக் கூடாது. துவக்கு எதைத் தாங்கும்னு பார்க்கணும்."

இவர் மறுத்துப் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். விதைநெல் விஷயத்தில் நான் சொன்னதை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் சொன்ன நெல்லே நல்லாய் விளைந்த போகத்திலும் அதை ஒத்துக்கொண்டதில்லை. மரகதம் வேண்டாம் என்றதும் ஈயத்தை எடுத்து மூலையில் வைத்துவிட்டார்.

அவள் வேலை செய்யும் விதம் மெதுவானது. மருந்தை நிறுத்து, அந்த நிறைக்கு ஒரு பித்தளைக் கரண்டியை அளவாக வெட்டிக்கொண்டாள். முதலில் கொப்பியில் இருந்ததை விடக் குறைத்தே போட்டாள். இரண்டு தோட்டா அடைத்து, துவக்கை மரத்தில் கட்டி, தூரத்திலிருந்து கயிற்றால் இழுத்து வெடிக்க வைத்தாள். பிறகு கோதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொப்பியில் எழுதினாள். ஒவ்வொரு தோட்டாவின் வாயையும் மட்டை வட்டம் ஒன்றால் மூடி, அதில் நீலப் பென்சிலால் ஓர் எழுத்துப் போடுவாள். பெரிய சன்னத்துக்குப் 'பெ'. சின்னதுக்குச் 'சி'.

அந்தத் தோட்டாவால் இவர் முதல் பன்றியை விழுத்தினார். பிறகு இன்னும் இரண்டு. எங்கள் வாய்க்கால் பாய்ந்த வயல்களில் எங்களது மட்டும் நிமிர்ந்து நின்றது.

என் வீட்டுக்காரர் கதை குறைந்த மனிசன். சாப்பிடும்போது "உப்பு" என்பார், போதுமென்றால் "காணும்" என்பார். அந்த நாட்களில் சோற்றைப் பிசைந்துகொண்டே கதைக்கத் தொடங்கினார்.

"மரகதம் சொல்லுறா, மருந்து ஈரம் பட்டால் நிறை பொய் சொல்லுமாம். வெயில் ஏறினாப் பிறகுதான் நிறுக்க வேணுமாம்."

"ஓம்," என்றேன்.

"அவாவுக்கு அந்தக் கொப்பி முழுக்கப் பாடம்."

ஊரில் எல்லோரும் மரகதத்தை 'அவள்' என்றுதான் சொன்னார்கள். கூலிக்கு வருகிற பெண்ணுக்கு அந்த மரியாதைதான் வழக்கம். அது பிழையான வழக்கம் என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு இவர் வாயில் மரியாதையாய் வந்த 'அவா' முள்ளாய்த் தைத்தது. என்னைப் பற்றி மற்றவர்களிடம் கதைக்கும்போது இவர் 'அவா' என்பாரா, 'அவள்' என்பாரா என்று எனக்கு அதுவரை யோசனை வந்ததே இல்லை. அதற்குப் பிறகு அதே யோசனை.

எனக்கிருந்த வியாதி

நேரே எழுதிவிடுகிறேன். அவர்களுக்குள் தப்பாக எதுவும் இருக்கவில்லை. எனக்கு அது அப்போதே தெரியும். வேலை முழுக்க முற்றத்து நடுவில், தெருவால் போகிற எல்லோருக்கும் தெரியத்தான் நடந்தது. அவள் அண்ணே என்பதும் வாயளவில் சொன்னதல்ல. தப்பு இருந்திருந்தால் எனக்குச் சண்டை பிடிக்க ஒரு இடம் கிடைத்திருக்கும். இவர் அவளிடம் கேள்வி கேட்டார், அவள் சொன்னதைக் கேட்டார். அவ்வளவுதான். அந்த அவ்வளவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதும் இந்த வியாதி எனக்கு இருந்தது. என் தங்கச்சி நல்லாய்ப் பாடுவாள். வருகிற விருந்தாளிகளெல்லாம் அவளைப் பாடச் சொல்வார்கள். ஒருமுறை வெளியூரிலிருந்து பெரியப்பா வரப்போகிறார் என்று தெரிந்ததும், அவளுக்குத் தொண்டை கட்டட்டும் என்று பச்சைப் புளியங்காய் பிடுங்கி, உப்பும் தூளும் தொட்டு ஆசையாய் ஊட்டினேன். அவள் தின்றுவிட்டு அன்றைக்கும் பாடினாள். எனக்குத்தான் வயிற்றுவலி வந்தது. அந்தக் கதையைச் சொல்லி வீட்டில் வருடக்கணக்காய்ச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் குணம் போகவில்லை.

மரகதம் வரும் நாட்களில் நான் அவளுக்குத் தேத்தண்ணி கொடுப்பேன். எங்கள் கோப்பையில் அல்ல, வேலையாட்களுக்கென்று ஒதுக்கிய கோப்பையில். அவள் குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். இரண்டு மூன்று தரம் குசினி வாசலில் வந்து நின்று, "அக்கா, ஏதாச்சும் வேலை இருக்குதாக்கா?" என்று கேட்டிருக்கிறாள். "இல்லை" என்று சொல்லி அனுப்பினேன்.

பேரில்லாத டின்

தை பிறந்தது. நெல் பழுத்தது. கறுப்பு மருந்து முடிந்துபோயிற்று. டின்னில் மரகதம் அடைத்த தோட்டா மூன்றுதான் மிச்சம்.

இவர் கிளிநொச்சிக்குப் போய் யாரிடமோ ஒரு டின் மருந்து வாங்கிவந்தார். சாம்பல் நிறத்தில், நறுக்கிய நூல் துண்டுகள் மாதிரி இருந்தது. டின்னில் பேர் எதுவும் இல்லை. மரகதம் கொஞ்சத்தை உள்ளங்கையில் கொட்டி, திரும்ப டின்னுக்குள் போட்டாள்.

"இதுக்குப் பேரு என்னண்ணே?"

"தெரியாது. பழைய தோட்டாக்களை உடைச்சு எடுத்ததாம்."

"பேரு தெரியாத மருந்துக்குக் கணக்குக் கிடையாதுண்ணே. இது கறுப்பு மருந்து மாதிரி இல்ல. அந்தக் கரண்டியால இதை அளந்துறாதீங்க. எங்கயாவது புதைச்சுருங்க. கறுப்பு வர்ற வரைக்கும் பொறுப்போம்."

"பண்டி பொறுக்குமே?" என்றார் இவர். ஆனாலும் அவள் சொன்னதைக் கேட்டார். டின்னைப் புதைக்கவில்லை, அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தார்.

நான் இவ்வளவையும் யன்னலால் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். கேட்கவில்லை என்று பிறகு ஒருவருக்கும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் என் மனம் அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டது. மருந்து மருந்துதானே, இவள் தன் பிடியை விடாமல் இருக்கத்தான் இப்படிச் சொல்கிறாள் என்று எனக்குள் தீர்மானித்துவிட்டேன்.

அடுத்த நாள் முற்பகல். இவர் வயலில். நான் கதிரை வைத்து ஏறி அந்த டின்னை இறக்கினேன். எத்தனையோ நாள் பார்த்த வேலைதானே. கோதைத் துடைத்தேன். அடியில் பொறி தட்டும் கேப்பை ஏற்றினேன். பித்தளைக் கரண்டியால் மருந்து அள்ளி, மேலே குவிந்ததைத் தட்டி மட்டமாக்கினேன். மட்டை, சன்னம், மேல் மட்டை. இரண்டு தோட்டா அடைத்தேன். நீலப் பென்சிலை எடுத்து, அவளுடைய எழுத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டிலும் 'பெ' போட்டு, மிச்சமிருந்த மூன்றோடு சேர்த்து வைத்தேன்.

பன்றி விழுந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். "அது மரகதத்தின்ரை தோட்டா இல்லை, என்ரை" என்று. அப்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று அன்றைக்குப் பகல் முழுக்க நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஒரு வெடி

அன்றைக்கு, இருட்டத் தொடங்கிய மைமல் பொழுதில், அவர் ஐந்து தோட்டாவையும் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு போனார். ஐந்து இருந்ததை எண்ணிப் பார்த்தாரோ தெரியாது.

வெடி கேட்டது. அவருடைய துவக்கின் சத்தம் எனக்குத் தெரியும். அது தடித்த சத்தம். அன்று கேட்டது அதுவல்ல. தகரத்தைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம்.

நான் வரம்பால் ஓடினேன். அவர் வயல் காவல் பரணுக்குக் கீழே இருந்தார். இடக்கையை வலக்கையால் பொத்திக்கொண்டிருந்தார். உடுத்திருந்த சாரமெல்லாம் இரத்தம். துவக்கின் குழாய் அடிப்பக்கத்தில் வாழைப்பூ மாதிரி விரிந்திருந்தது. "என்ரை விரலைப் பார்," என்றார், வேறு ஒருவருடைய விரலைப் பற்றிச் சொல்வது போல.

பக்கத்து வயல்காரரின் ட்ரக்டரில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடது பெருவிரல் பாதியாகவும், சுட்டுவிரல் முழுதாகவும் போயின. கண் தப்பியது. முகத்தில் மருந்து பொரிந்த புள்ளிகள் கடைசிவரை இருந்தன.

ஆஸ்பத்திரியில் நீட்டு வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்து, மச்சாள், அதுதான் இவருடைய தமக்கை, அழுதுகொண்டே சொன்னா: "தோட்டக்காட்டாள் ஒருத்தி அடைச்சுக் குடுத்ததை நம்பி வெடி வைப்பினமே? அவளை ஊரை விட்டுக் கலைக்க வேணும்."

நான் வாய் திறக்கவில்லை. இன்னும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். மச்சாள் அப்படிச் சொன்னபோது, அந்த நேரத்திலும், என் மனதின் ஒரு மூலை குளிர்ந்தது.

அவள் வந்தாள்

பொலிசார் துவக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். லைசென்சும் போயிற்று. மரகதத்தைக் களைக்குக் கூப்பிட்டிருந்தவர்கள் வரவேண்டாம் என்றார்கள். வாய்க்கால் கரைக் கொட்டிலைப் பிரிக்கச் சொல்லிக் வயல்காரர்களின் கமக்காரர் சங்கத்தில் கதை எழும்பியது. குடியுரிமைக் கடிதமோ காணியோ இல்லாதவர்கள். ஒரு சொல்லில் போகவைக்கலாம்.

நாலாம் நாள் பகல் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் உடுப்பு எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தேன்.

"மிச்சத் தோட்டாவைக் காட்டுங்கக்கா," என்றாள்.

பையைக் கொடுத்தேன். நாலு இருந்தது. மேசையில் நிறுத்தி ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். நாலாவதைக் கையில் எடுத்தாள்.

"இந்தப் 'பெ' நான் போட்டதில்ல."

கத்தியால் மேல் மட்டையைக் கிளப்பினாள். சன்னத்தைக் கொட்டினாள். உள்மட்டையை எடுத்துப் பத்திரிகைத் தாளில் கவிழ்த்தாள். சாம்பல் நிற மருந்து குவிந்தது. அவள் அதைப் பார்த்தாள். அலுமாரியின் மேலே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. நான் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கைகள் எவ்வளவு நிதானமாய் இருக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்போதும் பொறாமைதான்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"நாளைக்குப் பின்னேரம் சங்கத்துல கூப்பிட்டிருக்காங்க. அம்மாவை வச்சுக்கிட்டு நான் இனி எங்கக்கா போறது?" என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. மருந்தைத் தாளோடு மடித்து என் கையில் தந்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரிக் கட்டில்

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனேன். அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை நெஞ்சில். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். கதிரையில் இருந்தால் எழும்ப மாட்டேன் என்று பயம்.

"வெடிச்சது நான் அடைச்ச தோட்டா."

அவர் தலையணையிலிருந்து நிமிர்ந்தார்.

"அந்த டின்னோ?"

"ஓம்."

"அவா சொன்னது உமக்குக் கேட்டதுதானே?"

"கேட்டது."

"பின்னை ஏன்?"

"நீங்கள் அவளோடை கதைச்சீங்கள். என்னோடை கதைக்கேல்லை," என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னக் காரணம் என்று காதில் விழுந்தது. அவருடைய கையில் இருந்த கட்டுப் பெரிதாய்த் தெரிந்தது.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போகத் திரும்பியபோது பின்னால் குரல் வந்தது.

"எனக்குச் சொன்னது காணாது. சங்கத்திலை போய்ச் சொல்லும்."

பஸ் வழியில் நின்று நின்று வந்தது. சங்கக் கட்டிடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் பாதியில் இருந்தது. மரகதம் நடுவில் நின்றாள், தாய் வாசற்படியில் குந்தியிருந்தா.

தலைவர் கேட்டுக்கொண்டிருந்தார். "நீ அடைக்கேல்லை எண்டால் பின்னை ஆர் அடைச்சது? சொல்லன்."

"நான் அடைக்கலங்க. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

அவளுக்குத் தெரிந்திருந்தும் அவள் சொல்லவில்லை. எனக்காகத் தாமதித்து நின்றாளா, சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று நின்றாளா, இன்றுவரை தெரியாது.

"நான்தான் அடைச்சனான்," என்றேன் வாசலில் நின்று. தாளில் மடித்த மருந்தை மேசையில் வைத்தேன். "அவா தொட வேண்டாம் எண்டு சொன்ன மருந்து. நான் களவாய் எடுத்து அடைச்சனான். எழுத்தையும் அவாவின்ரை எழுத்து மாதிரிப் போட்டனான்."

மச்சாள் முன்வரிசையில் இருந்தா. எழும்பிப் போய்விட்டா. அதற்குப் பிறகு மூன்று வருடம் என்னோடு கதைக்கவில்லை. மற்றவர்கள் தண்ணீர் முறை பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். மரகதத்திடம் ஒருவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கொட்டிலைப் பிரிக்கும் கதை நின்றது, அவ்வளவுதான். அவள் தாயைக் கையில் பிடித்து எழுப்பிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

வாய்க்கால் கரையில்

மூன்று கிழமைக்குப் பிறகு அவர் வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே, "நான் அவாவைப் பார்க்கப் போறன். நீரும் வாரும்," என்றார்.

கொட்டில் வாசலில் மரகதம் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இவர் கட்டுப் போட்ட கையோடு அவளுக்கு முன்னால் நின்று, "மன்னிச்சுக்கொள்ளும்," என்றார். அவள் பதறி எழும்பினாள்.

"நீங்க ஏண்ணே? நீங்க போய் அம்மாகிட்ட இருங்க. நான் அக்காகிட்ட பேசணும்."

அவர் உள்ளே போனார். நான் நின்றேன். பேசட்டும், அடிக்கட்டும், எதுவென்றாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட கேட்டிருந்தீங்கன்னா நான் சொல்லிக் குடுத்திருப்பேனேக்கா," என்றாள். "எத்தனை வாட்டி உங்க குசினி வாசல்ல வந்து நின்னேன். இந்த ஊர்ல பேசுறதுக்கு எனக்கு ஒரு பொம்பளை கிடையாது."

நான் அவள் முகத்தைப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

அறுவடை முடிந்ததும் அவள் தாயோடு புதுக்குடியிருப்புக்குப் போனாள். அங்கே சொந்தக்காரர் ஒருவர் இருப்பதாய்த் தெரியவந்திருந்தது. பஸ் ஏறும் நாள் நான் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சந்திக்குப் போனேன். பஸ் வரப் பகல் ஆயிற்று. அவளும் நானும் ஒரு மரநிழலில் மண்ணில் குந்தியிருந்து கதைத்தோம். அவளுடைய லயத்தைப் பற்றி, குளிரைப் பற்றி, என் தங்கச்சியின் பாட்டைப் பற்றி, எனக்குப் பிள்ளை இல்லாததைப் பற்றி. பஸ் வந்து அவள் பெட்டியைத் தூக்கியபோது, இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.